தாது வருஷத்து மூட்டைகளும் என் வீட்டுப் பள்ள அறையும்



புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசி மழை வாசலில் நிற்கிறது. போன வாரம் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த ஒருத்தி திருவொற்றியூரிலிருந்து போன் செய்தாள். அவளுக்கே இப்போது கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான். "டீச்சர், கீழ் ரூம்ல வெச்ச அரிசிச் சிப்பம் அடியில பச்சையா பூத்துக்கிச்சு. கழுவிக் காயவெச்சு இட்லிக்குப் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா, கொட்டிடு" என்றேன்.

"முழுச் சிப்பம் டீச்சர்..." என்று இழுத்தாள். அந்த இழுப்பில் இருந்த வருத்தம் எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை அப்படிக் கொட்டியவள்தான். அந்தக் கதையை உங்களில் பலரிடம் பத்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இன்று சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். வகுப்பில் கேட்டது போலப் பொறுமையாகக் கேளுங்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். சென்னையில் பழைய வீடுகளுக்கு நிலவறை கட்டும் வழக்கம் பெரிதாக இல்லை. கடல் பக்கத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் நூற்றுக்கணக்கான வீடுகள் நாம் கட்டாமலேயே நிலவறை ஆகிவிட்டன. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போவோம். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. ஒவ்வொரு படியாக மறைந்தது. இப்போது இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அரசே உத்தரவு போட்டது. ஆனால் புதைந்த வீடு புதைந்ததுதான்.

தமிழில் 'கிடங்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் கிடங்கு என்றால் குடோன் என்கிறோம். பழைய தமிழில் கிடங்கு என்றால் குழி, கோட்டையைச் சுற்றிய அகழி. பள்ளமும் சேமிப்பும் ஒரே சொல்லில் இருக்கின்றன. வறண்ட சீமையில் தானியத்தைக் குழியில் போட்டு மூடி வைத்தால் பூச்சி அண்டாது. அதே குழி நம்மைப் போல் கடலோரத்தில் இருந்தால் தானியத்துக்குச் சமாதி. ஊருக்கு ஊர் மண் வேறு, காற்று வேறு. அதனால் தஞ்சைப் பக்கம் குதிரும் பத்தாயமும் தரையிலிருந்து உயர்த்தி வைத்தார்கள். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்னும் நிற்கிறது. செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நம் ராயபுரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் ஆயாமார் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். ஏன் தெரியுமா? 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலி படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. சுற்று வட்டாரத்து ஜனங்கள் பட்டணத்தை நோக்கி ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் ஏற்பட்டது. மணியக்காரர் பொறுப்பில் நடந்ததால் மணேகார் சத்திரம் என்று பெயர் வந்தது. பிறகு அங்கே வைத்தியமும் சேர்ந்தது, ஆஸ்பத்திரி வளர்ந்தது. பசிக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்துதான் நம் பெரிய ஆஸ்பத்திரி வந்தது.

அடுத்த பெரிய பஞ்சம் 1876இல் வந்தது. அந்தத் தமிழ் வருஷத்தின் பெயர் தாது. அதனால் தாது வருஷப் பஞ்சம். என் ஆயா 1900களில் பிறந்தவர். அவர் அந்தப் பஞ்சத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய பாட்டி பார்த்தவர். "கடலோரம் மலை மாதிரி அரிசி மூட்டை இருந்துச்சாம். போலீஸு காவலாம். மணல்ல சிந்தின அரிசியைப் பொம்பளைங்க முறத்துல சலிச்சு எடுத்துக்கினு வருவாங்களாம்" என்று ஆயா சொல்லும். சின்ன வயதில் அது எனக்குக் கதையாகத்தான் இருந்தது. மூட்டை மலை மாதிரி இருந்தால் ஏன் பஞ்சம்? ஆசிரியப் பயிற்சி முடித்துப் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகு, படிக்கப் படிக்க, ஆயா சொன்னது நிஜம் என்று புரிந்தது. 1877 பிப்ரவரியில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும் பழைய படம் ஒன்று இன்றும் இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

ஏன் கடற்கரையில் கிடந்தது என்பதுதான் பாடம்.

அப்போது நமக்கு இப்போது இருப்பது போலத் துறைமுகம் இல்லை. வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கட்டிய சுவர்களையும் 1881 புயல் உடைத்துப் போட்டது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி ஏற்றி வந்த கப்பல்கள் தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து மசூலாப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டு வர வேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலையைத் தாண்டி வருவதற்குள் மூட்டை நனையாமல் இருந்தால் அதிர்ஷ்டம். கரையில் இறக்கினால் மேலே வானம், கீழே ஈர மணல்.

சரி, ரயில் இருந்ததே என்பீர்கள். இருந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நம் ராயபுரத்திலிருந்துதான் 1856 ஜூலை 1ஆம் தேதி வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கியது. 1876க்குள் பாதை பெங்களூர் வரை, ராய்ச்சூர் வரை நீண்டுவிட்டது. ஆனால் வந்து இறங்கும் வேகத்துக்கு ஏற்ற வண்டிகள் ரயிலில் இல்லை. ஸ்டேஷன் வரை போன மூட்டையும் அங்கிருந்து கிராமத்துக்குப் போக மாட்டு வண்டி வேண்டும். மாடுகளோ தீவனமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. இன்னொரு கொடுமையும் நடந்தது. ரயில் வந்ததால் கிராமத்தில் இருந்த தானியமும் எங்கே விலை அதிகமோ அங்கே போனது. பெல்லாரியில் ஒருவர் பட்டினி கிடந்தாலும் அவர் கையில் காசு இல்லையென்றால் மூட்டை அவரைத் தேடி வராது.

சென்னை மாகாண அரசு 1876 முடிவில் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தது. வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கை கொண்ட வைஸ்ராய் லிட்டன் அரசுக்கு அது பிடிக்கவில்லை. சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள். நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கைச்செலவுக்குக் கொஞ்சம் காசும் போதும் என்று 1877 ஜனவரியில் கூலியைக் குறைத்தார் அவர். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது ஆட்களைக் கொல்லும் என்று எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துத்தான் கூலி உயர்ந்தது. தகுதியில்லாதவன் வாங்கிவிடக் கூடாது என்ற கவலை அதிகாரிகளுக்கு இருந்தது. தகுதியுள்ளவன் அதற்குள் செத்துப் போவான் என்ற கவலை அவ்வளவாக இல்லை. அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

அதன் சாட்சி நம் ஊரில் இன்னும் ஓடுகிறது. வடக்கே எண்ணூர் வழியாகப் போகும் கால்வாய் முன்பே இருந்தது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய். இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோமே, அது பசியில் இருந்தவர்கள் தோண்டிய மண்.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் பஞ்சக் கமிஷன் உட்கார்ந்தது. 1880இல் அறிக்கை தந்தது. பஞ்சம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகள் எழுதப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு, 1965 ஜனவரி 14, பொங்கல் நாளில், இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் தலைமையகம் முதலில் நம் சென்னையில்தான் இருந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். தானியத்தை வாங்குவது, ஈரமில்லாமல் வைப்பது, வேண்டிய இடத்துக்கு அனுப்புவது என்ற மூன்றும் ஒரே கையில் வந்தன.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் சேமிப்புப் பாடத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். "கொக்கி குத்தின மூட்டையில முதல்ல வண்டு வரும். சுவத்துல சாய்ச்ச மூட்டையில முதல்ல பூஞ்சணம் வரும். தரையில வெச்ச மூட்டைக்கு ரெண்டும் வரும்" என்பார். பின்னாளில் கிடங்கு விதிகளைப் படித்தபோது சிரிப்பு வந்தது. மூட்டைக்கு அடியில் மரச்சட்டம், சுவருக்கும் மூட்டைக்கும் இடைவெளி, வெயில் நாளில் தார்ப்பாயைத் தூக்கிக் காற்று விடுவது என்று அப்பா சொன்னதைத்தான் அச்சில் போட்டிருந்தார்கள்.

இதன் விஞ்ஞானம் எளிது. சிமெண்டுத் தரை காய்ந்தது போல் தெரியும். ஆனால் அடியிலிருந்து ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அரிசியில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பல மாதம் வைக்க வேண்டுமானால் 12, 13க்குள் இருப்பது நல்லது. காற்றின் ஈரப்பதம் 70க்கு மேல் இருந்தாலே காய்ந்த அரிசியும் மெல்ல ஈரம் இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் அது 80ஐத் தொடுவது சாதாரணம். உப்பு ஜாடி வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

பூஞ்சணத்தில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்று ஒரு வகை உண்டு. அது விடும் நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் இந்த நஞ்சே உலகத்துக்குத் தெரிய வந்தது. இது கல்லீரலைக் கெடுக்கும், நாளடைவில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கழுவினால் போகாது. வெயிலில் காய்ந்தால் போகாது. நாம் கொதிக்க வைக்கும் சூட்டில் அழியாது. அதனால்தான் அந்தப் பிள்ளையிடம் "கொட்டிடு" என்றேன்.

இனி என் கதை.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த மறுநாள் உங்களில் சிலர் சேர்ந்து 12 சிப்பம் அரிசி வாங்கி ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். "டீச்சர், உங்களுக்குத்தான் இந்தத் தெருவுல யாருக்கு என்ன கஷ்டம்னு தெரியும். நீங்களே பிரிச்சுக் குடுங்க" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பின்பக்கத்துப் பள்ள அறையைத் துடைத்துவிட்டு, சுவரோரம் தரையிலேயே அடுக்கச் சொன்னேன். எலி வரக் கூடாதென்று மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன்.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டுப் புத்தகம் எடுத்து உட்கார்ந்தேன். யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு ஏற்கெனவே வேறு இடத்தில் கிடைத்தது, யார் இரண்டு முறை வாங்க வாய்ப்பு உண்டு என்று பட்டியல் போட்டேன். டோக்கன் எழுதினேன். ஒரே குடும்பம் இரண்டு பெயரில் வந்துவிடக் கூடாதே என்று ரேஷன் கார்டு கேட்டேன். வெள்ளத்தில் கார்டு நனைந்து போனவர்களை "காயவெச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற ஆசைதான். ஆறு நாள் ஆயிற்று.

ஏழாம் நாள் ஷீட்டைப் பிரித்தேன். குப்பென்று புளித்த வாடை அடித்தது. அடி வரிசைச் சிப்பங்களைத் தொட்டால் சூடாக இருந்தன. உள்ளே அரிசி கட்டி கட்டியாக, பச்சையும் கறுப்புமாக. நாலு சிப்பம். அதை ராத்திரியில், யாரும் பார்க்காத நேரத்தில், நானும் என் வீட்டுக்காரரும் குப்பைத் தொட்டியில் கொண்டு போய்க் கொட்டினோம். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு அம்மா அந்தத் தொட்டியிலிருந்து நல்லதாகத் தெரிந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கார்டு கொண்டு வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்பிய அம்மா. கையைப் பிடித்துத் தடுத்து, வீட்டுக்குக் கூட்டி வந்து, நல்ல சிப்பத்திலிருந்து அளந்து கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

உங்களிடம் "எல்லாம் நல்லபடியா குடுத்தாச்சுப்பா" என்றேன். அது பொய். எட்டுச் சிப்பம்தான் கொடுத்தேன். அடுத்த பொங்கலுக்கு என் காசில் நாலு சிப்பம் வாங்கிக் கொடுத்து மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் கார்த்திகைப் பசிக்குத் தை மாத அரிசி ஆகாது. அன்றைக்குப் பணம் போட்ட பிள்ளைகளிடம் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

டெம்பிள் துரை ஒரு பவுண்டு கூலி வைத்ததை வகுப்பில் எத்தனை வருஷம் கோபமாக நடத்தியிருப்பேன்! என் கையில் 12 சிப்பம் வந்தபோது நானும் அதையேதான் செய்தேன். தப்பானவனுக்குப் போய்விடக் கூடாதே என்று பார்த்தேனே தவிர, அரிசி அழுகுகிறதே என்று பார்க்கவில்லை. 1877இல் கடற்கரையில் நடந்தது என் பள்ள அறையில் சின்ன அளவில் நடந்தது. பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கொடுத்துவிட்டு எழுதியிருக்கலாம்.

மழைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை, அப்பா சொன்னதும் நான் பட்டதும் சேர்த்து:

1. பள்ள அறையில் உணவுப் பொருள் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் செங்கல் அடுக்கி, அதன் மேல் மரப்பலகை போட்டு, குறைந்தது முழங்கால் உயரத்தில் வையுங்கள். போன வெள்ளத்தின் தண்ணீர்க் கோடு சுவரில் இருக்கும். அதற்கு மேல் இருக்க வேண்டும்.

2. சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள்.

3. காய்ந்த அரிசியைக் காற்றுப் புகாத டின்னில், மூடியுள்ள டிரம்மில் வைக்கலாம். கொஞ்சம் ஈரம் பட்டதை ஒருபோதும் இறுக்கி மூடாதீர்கள். உள்ளேயே புழுங்கும்.

4. ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்காதீர்கள். மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்குப் போதும். பழையதை முதலில் எடுங்கள். குதிரில் மேலே கொட்டிக் கீழே எடுத்ததன் அர்த்தம் அதுதான்.

5. வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்குத்தான். பூஞ்சணத்துக்கு அவை மருந்தல்ல. வேப்பிலையை நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பச்சை இலை ஈரத்தைக் கொண்டு வரும்.

6. நிலக்கடலை, மிளகாய் வற்றல், சோளம் மூன்றிலும் அதிகக் கவனம் வேண்டும். வாடை மாறினாலோ நிறம் மாறினாலோ சந்தேகம் வேண்டாம், கொட்டிவிடுங்கள். கொட்டும்போது மற்றவர் எடுக்க முடியாதபடி சாம்பலோ மண்ணோ கலந்து கொட்டுங்கள்.

7. வெள்ளத் தண்ணீர் பட்ட உணவு வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெய்ப் படலமும் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தோம்.

8. மாத்திரை, தீப்பெட்டி, மெழுகுவத்தி, பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள்.

9. மற்றவர்களுக்குக் கொடுக்க வந்த பொருள் உங்கள் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்க வேண்டாம். கார்டு கேட்காதீர்கள்.

திருவொற்றியூர்ப் பிள்ளைக்கு நேற்று என் மருமகன் மூலம் ஒரு சிப்பம் அனுப்பிவிட்டேன். "எதுக்கு டீச்சர்?" என்றாள். பழைய பாக்கி என்றேன். இதைப் படித்தால் அவளுக்குப் புரியும். இன்னும் மூன்று சிப்பம் பாக்கி இருக்கிறது. இந்த மழையில் யாருக்காவது தேவையென்றால் தயங்காமல் சொல்லுங்கள். பட்டியல் போட மாட்டேன்.

எல்லோரும் பத்திரமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ராயபுரம் டீச்சர்